ஈரம் பார்த்தல்

காபட் என்றால் விசுவமடுவில் வீதிக்குத்தான்.
எங்கள் ஒழுங்கைக்கே அது இன்னும் வரவில்லை,
அதற்குள் அறைக்கா என்று
ஹார்ட்வெயார் நிமலதாசன் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே றெஜிபோம் தகடுகளை எண்ணித் தந்தார்.
"மீன் பெட்டி செய்யப் போறியளோ?"

இல்லை, நிலம்.

மேசன் வேலை எனக்குத் தெரியும்.
மீளக்குடியேறிய வருடம் ஆறு வாரம் பழக்கினார்கள்.
சான்றிதழைக் கறையான் தின்றது.
மட்டப்பலகை இன்னும் இருக்கிறது.

மார்கழியில் எங்கள் சீமெந்து நிலம்
குளத்தின் அடிபோலக் குளிரும்.
இரவில் காலைக் கழற்றி வைத்தபின்
கையாலும் முழங்காலாலும்தான் அவர் குளியலறைக்குப் போவார்.
சரக்,
ஒரு நிற்பு,
சரக்.
குளிர் ஏறினால் இல்லாத பாதம் வலிக்கும் என்பார்.
இருக்கிற இடத்துக்குத் தைலம் பூசலாம்.

பழைய நிலத்தை உடைத்து, மணல் பரவி,
அதன்மேல் தறப்பாளை விரித்தேன்.
அலுமாரிக்கு மேலே இத்தனை வருடம் மடிந்து கிடந்தது,
வீசவும் மனமில்லை, விரிக்கவும் மனமில்லை.
செட்டிகுளத்தில் அது எங்களுக்கு மேலே இருந்தது.
இனிக் கீழே கிடக்கட்டும்.
ஓட்டைகளுக்கு ரேப் ஒட்டினேன், எண்ணி முப்பத்தொன்று.
பிறகு றெஜிபோம், கோழிவலை,
இரண்டரை அங்குலத்துக்குச் சாந்து.
ஏழு நாள் சாக்கை நனைத்துப் போட்டேன்.

காபட் கிளிநொச்சியில் கிடைத்தது,
மூடிப்போன கலியாண மண்டபத்தின் மேடைச் சிவப்பு.
சுவரோரம் ஆணிப்பலகை அடித்து
இழுத்துக் கொளுவச் சொன்னான் விற்றவன்.
ஆணி இறங்கினால் சாந்து வெடிக்கும்,
கீழே இருப்பது நுரை என்றேன்.
மற்றதை அவனுக்குச் சொல்லவில்லை:
மண்டையோட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்ப்
பதின்மூன்று வருடமாகியும்
இந்த வளவில் எதையாவது நிலத்துக்குள் இறக்கும்போது
என் கை ஒருமுறை நின்றுதான் போகும்.
பசை வாங்கினேன்.

பசைக்கு ஈரம் ஆகாது.
புரட்டாதியில், பொலித்தீனை முழச் சதுரமாய் வெட்டி
நாலு மூலையிலும் நடுவிலும்
காற்றுப் புகாமல் ஒட்டி, விடியுமட்டும் விட்டேன்.
நாலு காய்ந்திருந்தன.
யன்னல் பக்கத்து மூலை உள்ளே வியர்த்திருந்தது,
கடுகு கடுகாய்.
முப்பத்திரண்டாவது ஓட்டை.

பத்து நாள் பொறுத்து மறுபடி ஒட்டினேன்.
மறுபடி கடுகு.
உடைக்கட்டோ என்று கேட்டேன்.
"விடு. அதுக்கும் மூச்சு வேணுமெல்லே."

அந்த மூலையில் ஒரு சதுரம் விட்டுத்தான்
காபட்டை வெட்டினேன். மூன்று பிளேட் முறிந்தது.
நடுவிலிருந்து முழங்காலால் தள்ளித் தள்ளிக்
காற்றை வெளியேற்றினேன், ஓரங்களைக் கரண்டிக்காம்பால் அழுத்தினேன்.
வெறும் சதுரத்தில் இரவில் பொய்க்கால் நிற்கும்.
அதற்குக் குளிராது.

ஐப்பசியின் முதல் பெருமழைக்குத் திடுக்கிட்டு எழும்பினேன்.
மழைக்கு இல்லை.
சரக் இல்லை, நிற்பு இல்லை.
அவர் இருக்கிறார் என்பதை இத்தனை வருடம்
நித்திரைக்குள் இருந்தபடியே
அந்தச் சத்தத்தில் பார்த்துவந்திருக்கிறேன்.
கட்டிலில் கை போட்டால் ஆளில்லை.
தவச்செல்வம் என்று கத்தினேன்,
வீட்டில் ஒருநாளும் சொல்லாத பெயர்.

"இஞ்சதான்."
சிவப்பின் நடுவில், இருட்டில் இருந்துகொண்டு
விரலால் எதையோ தடவிக்கொண்டிருந்தார்.
கதிரைக் கால்கள் அழுத்திய நாலு பள்ளம்.
"பாரன், ஆரோ கனத்த ஆள்
கனநேரம் இருந்திருக்கு.
மாப்பிள்ளை எண்டு நினைக்கிறன்."

வந்து படுங்கோ என்றேன். வரவில்லை.
நானும் இறங்கிப்போய்க் கை வைத்துப் பார்த்தேன்.
சூடு என்று சொல்ல முடியாது.
குளிரவில்லை.